பதினாலாம் நம்பர் ஸ்லைடு

உயிரோடிருக்கிற பல்லைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பிடுங்கிக் கழுவி பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள், அதற்கப்புறம் அந்தப் பல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் துளசிராமன். கவரைப்பேட்டையைத் தாண்டி மெயின் ரோட்டோரம் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் 'சாணைக்கல்' என்பார்கள். காதில் விழும், விழாதது மாதிரி இருந்துவிடுவேன். நாள் முழுக்கக் கல்லில் பல்லைத் தேய்க்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பல்லை நீளவாக்கில் இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு பாதியை விரல் நுனியால் அழுத்திக்கொண்டு, தண்ணீர் விட்டு, கல்லில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் ஆனதும் திருப்பிப் போட்டு மறுபக்கம். பேப்பர் மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்து படிக்க வரவேண்டும், அந்த அளவுக்கு மெலிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அரை நாள் வேலை. கடைசி ஐந்து நிமிஷத்தில் டீக்கு அவசரப்பட்டால் பல் பொடியாகிவிடும். பிழைத்தால் காயவைத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டி, மேலே ஒரு நம்பர் போட்டுப் பெட்டியில் அடுக்குவேன். அதுதான் ஸ்லைடு.

ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற நூறு பிள்ளைகளுக்கும் முதல் நாள் நான் ஒரு பிரசங்கம் வைப்பேன். பாடம் நடத்துவது என் வேலையில்லை, டாக்டர்களின் வேலை. ஆனால் அவர்கள் நடத்தினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிறது, நான் நடத்தினால் பயம் வருகிறது. பயந்தவன் ஸ்லைடை உடைக்கமாட்டான்.

"வெள்ளையா வெளிய தெரியுதே, அது எனாமல். மேல்பூச்சு. ஒருவாட்டி பூசினதோட சரி, போனா போனதுதான், திரும்ப வராது. பல்லோட உடம்பு உள்ள கீது. லேசா மஞ்சளா இருக்கும். அதான் டென்டின். அத கட்டுற செல்லுங்க வரிசையா நிக்கும். கொஞ்சம் கட்டும், பின்னால நகரும், மறுபடியும் கட்டும், மறுபடியும் நகரும். அப்படியே உள்ள உள்ள போய்க்கினே இருக்கும். போகும்போது ஒவ்வொண்ணும் ஒரு நூல வுட்டுட்டுப் போகும். நூலச் சுத்திச் சொவரு எழும்பும். அதனால டென்டின் பூராவும் குழாய். ஒரு கடுகு வெக்கிற எடத்துல பல்லாயிரம் குழாய். புரியுதா?"

புரிந்ததென்று தலையாட்டுவார்கள். நான் விடமாட்டேன்.

"பல்லு மொளச்சதோட வேல முடிஞ்சிச்சின்னு நெனைக்காத. உயிரோட இருக்கிற வரிக்கும் அது மெதுவா கட்டிக்கினேதான் இருக்கும். வயசானவங்க பல்ல அறுத்துப் பாரு, நடுவுல இருக்கிற அறை ஊசி நொழையிற சந்தாட்டம் ஆயிருக்கும். அதே பல்லு வெளிய அடிபட்டுச்சி, தேஞ்சிச்சின்னு வெய்யி. அந்த எடத்துக்கு நேரா உள்பக்கம் அவசர அவசரமா ஒரு சொவரு எழும்பும். அவசரத்துல கட்டினது, குழாயெல்லாம் கோணல்மாணலா போகும், சில எடத்துல குழாயே இருக்காது. அதப் பாக்கணும்னா பதினாலாம் நம்பர் ஸ்லைடப் பாரு. அதவிட நல்ல ஸ்பெசிமன் இந்த ஸ்டேட்லயே கெடையாது."

ஸ்டேட்டில் இருக்கிற எல்லாக் கல்லூரிக்கும் போய்ப் பார்த்தேனா என்று கேட்கக்கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை. பதினான்கில் எல்லாம் பளிச்சென்று தெரியும். வெளியே எனாமல் கரைந்து போன இடம், அதற்கு நேர் கீழே உயிர்விட்ட குழாய்கள் கறுப்புக் கறுப்பாக இறங்கி வருவது, அவை உள்ளே வந்து முட்டுகிற இடத்தில் அந்த அவசரச் சுவர். படத்தில் வரைந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

அது என் பெண்டாட்டியின் முன்பல். இந்த விஷயம் மட்டும் என் பிரசங்கத்தில் வராது. கல்லூரியில் யாருக்கும் அது தெரியாது.

செண்பகம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பேட்டரி கம்பெனியில் இருந்தாள், சார்ஜிங் செக்‌ஷனில். வரிசை வரிசையாக பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் இடம். ஏற ஏற அதிலிருந்து ஆசிட் புகை கிளம்பும். கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், மூக்கு மட்டும் கரிக்கும். புடவை முந்தானையில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள்.

"வாயெல்லாம் புளிக்குது மாமா. எத்தினி வாட்டி துப்பினாலும் போவ மாட்டேங்குது."

"உப்புப் போட்டு நல்லா அழுத்தித் தேயி. போயிடும்."

நானே பஜாருக்குப் போய், கெட்டியான பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தேன். டூத் பவுடரில் கல் உப்பை நுணுக்கிக் கலந்து ஒரு டப்பாவில் போட்டும் வைத்தேன். பெண்டாட்டிக்காக இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்கிற புருஷன் சிப்காட்டிலேயே கிடையாது என்று எனக்கு நினைப்பு. அவளும் சொன்னபடி தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கையோடு தேய்ப்பாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்துப்போய் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம். இரண்டு பேருக்கு இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். காலையில் நான் கவரைப்பேட்டைக்கு லோக்கல் டிரெயின் பிடிப்பேன், அவள் கம்பெனி பஸ். சாயங்காலம் யார் முன்னால் வருகிறாரோ அவர் டீ போட வேண்டும். அவள்தான் பெரும்பாலும் முன்னால் வருவாள். நான் வேண்டுமென்றே ஒரு டிரெயினை விட்டுவிட்டு வருகிறேனென்று சண்டை பிடிப்பாள். சில நாள் அது உண்மையும்கூட.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் கம்பெனி பஸ் படியில் வழுக்கி, முகம் கம்பியில் இடித்து, மேல் முன்பல் ஒன்று ஆடிவிட்டது. எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தேன். எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்த பல் தட்டில் கிடந்தபோது நான் பார்த்தேன். நுனி கரைந்து, வெளிப்பக்கம் வழவழவென்று மெழுகியது போல, சொத்தை ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. இதை அறுத்தால் உள்ளே என்னவெல்லாம் தெரியும் என்றுதான் என் மனசு ஓடியது. அவள் பக்கத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டிலை எடுத்து பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டாள்.

"இன்னாத்துக்கு அத வாங்கினு வர்ற? கூரை மேல தூக்கிப் போட நான் இன்னா கொழந்தையா?"

"ஸ்லைடு போடப் போறேன். பசங்க பாத்துப் படிக்கும்."

பஞ்சோடு சிரிக்க வராமல் கண்ணால் சிரித்தாள். "என் பல்லப் பாத்து டாக்டருங்க படிக்கப் போவுதா? சரி, நீ பாத்துட்டு எனக்குச் சொல்லு மாமா, உள்ள இன்னா கீதுன்னு."

ஸ்லைடு போட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது நானே கைதட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் டிரெயினை விடாமல் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

"பாத்தியா? இன்னா கீது?" என்று கேட்டாள்.

"நல்ல ஸ்பெசிமன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு கைகால் கழுவப் போய்விட்டேன். ஒரு நாள் லேபுக்குக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று பிறகு சொன்னேன். அந்த ஒரு நாள் வரவேயில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கும் போய் வந்திருக்கிறாள். மூன்றாம் நாள் சமையலறையில் சுருண்டு விழுந்தபோதுதான் எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு திட்டினேன். "மின்னாடியே வாயத் தொறந்து சொன்னா இன்னா? சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?" என்று கத்தினேன். கூட வந்த நர்ஸ் என்னை முறைத்தாள். செண்பகம் மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கப் போனோம். அவள் அக்கா ஜானகியம்மாளும் வந்திருந்தாள். பொறுக்கிக் கொடுத்த வெட்டியான் சாம்பலைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"பல்லு மொதக்கொண்டு பாத்து எடுத்துக்கங்க நைனா. ஒண்ணும் மிச்சம் வெக்கக்கூடாது. மிச்சம் வெச்சா அது போவாம சுத்திக்கினே இருக்கும்."

"எல்லாம் எடுத்தாச்சி இல்ல?" என்று ஜானகியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எடுத்தாச்சு என்று தலையாட்டினேன். பழவேற்காட்டுக்கு வேன் பிடித்துப் போய்க் கடலில் கரைத்துவிட்டு வந்தோம். கவரைப்பேட்டையில் ஒரு மரப்பெட்டியில் ஒன்று மிச்சமிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சுற்றிக்கொண்டே இருக்கும் என்றானே, சரி, சுற்றட்டும், எனக்கும் ஒரு துணை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வீடு என்பது படுத்து எழும் இடம். இரண்டாவது தட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. பக்கத்து வீட்டில் கல்யாணமான சின்னப் பிள்ளைகள், எந்நேரமும் குக்கரும் டிவியுமாக இருப்பார்கள். அவர்கள் சிரிப்பது சுவர் வழியே கேட்கும். நான் டிவி வைப்பதில்லை, வைத்தால் யாரிடமாவது ஏதாவது சொல்லத் தோன்றும்.

கல்லூரியில் மட்டும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பதினான்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். அந்தக் குழாய்கள் நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்பேன். வருஷா வருஷம் பரீட்சைக்கும் அதைத்தான் வைப்பார்கள். நூறு பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சாகும் வரை யாரும் அவளை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. நானும்தான்.

போன மாசம் எங்கள் துறைத் தலைவர் காயத்ரி மேடம் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்கேனர் வந்துவிட்டது. இனிமேல் எல்லாம் ஸ்கிரீனில். பழைய ஸ்லைடெல்லாம் விரலழுக்கும் கீறலுமாக இருக்கிறது, அடுத்த பேட்ச்சுக்கு வேண்டாம். இந்தப் பரீட்சை முடிந்ததும் மொத்தமாக எண்ணிக் கட்டி மருத்துவக் கழிவு வண்டியில் அனுப்பிவிட வேண்டும்.

"எல்லாமே மனுஷப் பல். கண்ட எடத்துல போடக்கூடாது. நூத்தி இருபது இருக்கணும், எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

அந்த வண்டி வெள்ளிக்கிழமை வரும். கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். ஒருமுறை எரித்தது போதாதா என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். மேடம் நல்லவர்தான். ஆனால் எப்படிக் கேட்பது? ஆறு வருஷமாகச் சொந்தப் பெண்டாட்டியின் பல்லை நம்பர் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் திருட்டு வழி ஒன்று யோசித்தேன். பாட்டிலில் கிடந்த வேறொரு முன்பல்லை எடுத்துத் தேய்த்து, அதே அளவுக் கண்ணாடியில் ஒட்டி, பழைய பேனாவால் பதினான்கு என்று எழுதி, சட்டைப் பாக்கெட்டில் பஞ்சு சுற்றி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை பரீட்சை. அது முடிந்து மைக்ராஸ்கோப்புகளைத் துடைக்கும் சாக்கில் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயசில் முதல் திருட்டு.

வியாழக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பரீட்சை டாக்டர் வந்திருந்தார். நல்ல உயரம், சத்தம் போடாமல் பேசுகிறவர். பிள்ளைகள் எல்லோரும் மணியடிக்க மணியடிக்க மைக்ராஸ்கோப் மாறி மாறி எழுதி முடித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு ஸ்லைடு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார். நான் பக்கத்திலேயே துணியோடு நின்றுகொண்டிருந்தேன். பாக்கெட்டில் கனம்.

நந்தினி என்று ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்காது. அதைப் பதினான்கு முன்னால் நிறுத்தினார்.

"என்னம்மா தெரியுது?"

"முன்பல் சார். நீளவாக்குல தேச்ச செக்‌ஷன். நுனியிலயும் வெளிப்பக்கமும் எனாமல் இல்ல. அதுக்கு நேரா டெட் டிராக்ட், உயிர்விட்ட குழாய்ங்க. அது முடியற எடத்துல ரிப்பரேட்டிவ் டென்டின், அவசரமா எழும்பின சுவர்."

"கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சதா?"

"இல்ல சார். கடிச்சிருந்தா நுனி மட்டும் தட்டையாத் தேஞ்சிருக்கும். இது வெளிப்பக்கம் வழவழன்னு கரைஞ்சிருக்கு. ஆசிட் சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கழுத்துப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கு சார். அது பிரஷ்" என்றது.

"ஆமாம். ஆசிட் பட்ட பல் மேல கொஞ்ச நேரம் மெத்துன்னு இருக்கும். அந்த நேரத்துல அழுத்தித் தேச்சா அப்படியே வழிச்சிக்கிட்டு வந்துடும். வாயைக் கொப்பளிச்சிட்டுச் சும்மா விட்டிருக்கணும். பாவம், யாரோ நல்லாத் தேய்க்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

என் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்தேன்.

"சரி, உள்ளதான் சுவர் எழும்பிடுச்சே. அப்ப இவங்களுக்கு வலி இருந்திருக்காதுன்னு சொல்லலாமா?"

"சொல்ல முடியாது சார். எழும்பினதுக்கு அப்புறம் கொறைஞ்சிருக்கும். எழும்புற வரைக்கும் இருந்திருக்கும். இது ஒரே வாட்டி கட்டினதும் இல்ல சார், பட்டை பட்டையா இருக்கு. கட்டி நின்னிருக்கு, வெளிய மறுபடியும் கரைஞ்சிருக்கு, மறுபடியும் கட்டியிருக்கு. வருஷக்கணக்கா நடந்திருக்கும்."

"எப்படிப்பட்ட வலி?"

"கூச்சம் சார். சில்லுன்னு ஏதாவது பட்டா சுரீர்னு ஏறும். குழாய்ல இருக்கிற தண்ணி அசையறதால." அது பாடத்தில் இருப்பது. நந்தினி அதோடு நிறுத்தியிருக்கலாம். பரீட்சை என்பதையே மறந்துவிட்டது போல, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிக்கொண்டு போயிற்று. "எங்க ஊடு கும்மிடிப்பூண்டி சார். எங்க அப்பா பேட்டரி கம்பெனி. இதே பல்லு. மே மாசத்துலகூட வெந்நி கலந்துதான் தண்ணி குடிப்பாரு. வாயத் தொறந்து சிரிக்கமாட்டாரு, காத்துப் பட்டாக் கூசும். நாங்க எல்லாம் கிண்டல் பண்ணுவோம். அவுரா ஒரு நாளும் சொன்னதில்ல. இந்தப் பாடம் படிச்சப்புறம் நானாத்தான் கேட்டேன். எத்தினி வருஷமாப்பான்னு. அழுதுட்டாரு சார்."

வெந்நீர்.

எங்கள் வீட்டில் பானைத் தண்ணீரும் உண்டு, ஃபிரிட்ஜும் உண்டு. செண்பகம் டம்ளரில் பாதி வெந்நீர், பாதி பச்சைத் தண்ணீர் கலந்துதான் குடிப்பாள். கத்திரி வெயிலிலும் அப்படித்தான். "பெரிய ஜமீன் ஊட்டுப் பொண்ணு, பச்சத் தண்ணி எறங்காது" என்று நான் கேலி செய்வேன். கொய்யாப்பழத்தைக் கடிக்காமல் கத்தியால் சீவிச் சீவித் தின்பாள். நுங்கு வாங்கி வந்தால் எனக்கே கொடுத்துவிடுவாள், பிடிக்காது என்று சொல்லி. கல்யாணமான புதிதில் ஊத்துக்கோட்டைச் சந்தையில் நின்று ஆறு நுங்கு தின்றவள் அவள். எப்போதிலிருந்து பிடிக்காமல் போயிற்று என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். வெட்கம் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணின புருஷனிடம் என்ன வெட்கம்!

அந்தச் சுவரை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அந்தப் பட்டைகளை எண்ணிக்கூட வைத்திருக்கிறேன். அது எழும்பிய ஒவ்வொரு நாளும் அவள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள், என் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று ஆம்புலன்ஸில் கத்தினேனே, வாயைத் திற, பார்க்கிறேன் என்று நான் ஒரு நாள் சொல்லியிருக்கிறேனா? நூறு பேருக்குப் பிரசங்கம் பண்ணுகிற வாய் எனக்கு.

"அது என் ஊட்டுக்காரம்மா பல்லு சார்" என்றேன்.

என் குரல்தான், நான் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. நந்தினி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தது. காயத்ரி மேடம் மார்க் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

பரீட்சை டாக்டர் என்னையும் ஸ்லைடையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று தேடுகிறார் என்று தெரிந்தது. பாவம், கடைசியில் அவருக்கும் அதுதான் கிடைத்தது.

"ரொம்ப நல்ல ஸ்பெசிமன்" என்றார்.

பாக்கெட்டிலிருந்த போலி ஸ்லைடை எடுத்து மேடம் மேஜையில் வைத்தேன். எதற்குச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போலியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதையும் நல்லாத்தான் தேச்சிருக்கீங்க" என்றார். அப்புறம் தானே எழுந்து போய் மைக்ராஸ்கோப்பிலிருந்து பதினான்கை எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்தார். மேஜையிலிருந்த போலியைக் காட்டிச் சொன்னார். "இத பெட்டியில வெச்சிடுங்க துளசிராமன். எனக்கு நூத்தி இருபது இருந்தாப் போதும்."

நந்தினி கைகழுவும் இடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "சாரி அண்ணா. எனக்குத் தெரியாது" என்றது. "அப்பாவுக்கு அழுத்தித் தேய்க்க வேணாம்னு சொல்லு" என்றேன். "சொல்லிட்டேன் அண்ணா" என்றது. நல்லவேளை, அங்கே சொல்ல ஓர் ஆளும் கேட்க ஓர் ஆளும் இருக்கிறார்கள்.

அன்று கிடைத்த முதல் டிரெயினையே பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி நடந்தபோது ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இறங்கியவர்களில் இரண்டு மூன்று பேர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு போனார்கள். இத்தனை வருஷம் அது தூசிக்கு என்று நினைத்திருந்தேன்.

வீட்டைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மேற்கு ஜன்னலுக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. ஸ்லைடைப் பஞ்சிலிருந்து பிரித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்கு நடுவில் வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். குழாய் இல்லை, பட்டை இல்லை, சுவர் இல்லை. மைக்ராஸ்கோப் இல்லாமல் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? இத்தனை பாடுபட்டு மீட்டுக் கொண்டுவந்துவிட்டு, அந்தச் சின்ன விஷயத்தை நான் யோசிக்கவேயில்லை. இந்த வீட்டில் அவளைப் பார்க்க முடியாது. கண்ணில் தண்ணீர் வந்து அந்த நகமும் மறைந்துபோயிற்று.

ஆனால் பார்த்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் கேட்ட கேள்வியும் ஞாபகம் இருந்தது. ஆறு வருஷம் ஆயிற்று, இன்னும் நான் பதில் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முன்னால் வந்து டீ போடுகிறவள் அங்கேதான் நிற்பாள்.

"பாத்துட்டேன் செண்பகம்" என்றேன். "உள்ள வலிதான் கீது. ரொம்ப வருஷத்து வலி. உனக்கு ரொம்ப வலிச்சிருக்கு."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும் வரை பொறுத்திருந்து, இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.